மலைமேல் ஞாயிறு

தனிஸ்லாஸுக்குக் குருப்பட்டம் இல்லை என்று முடிவானபோது, குருமடத்து அதிபர் அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

"படிப்புல உன்னைக் குறை சொல்ல முடியாது தனிஸ். எழுத்தும் நல்லா வருது. ஆனா மனுசங்களோட ஒட்ட மாட்டேங்கறியே. உன்னைக் கொண்டுபோய் ஒரு பங்குக் கோயில்ல விட்டா நீயும் கஷ்டப்படுவே, சனங்களும் கஷ்டப்படுவாங்க."

அதற்கு என்ன பதில் சொல்வதென்று தனிஸ்லாஸுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒருவேளை அனுப்பியிருக்கவே மாட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேலம் வந்து, மலை பஸ் ஏறி ஏற்காட்டில் இறங்கினார். அம்மா சோறு போட்டுவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதெல்லாம் நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவும் போய்விட்டார். தனிஸ்லாஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. சாவி எடுத்துக் கொடுப்பது, ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து வைப்பது, சுடுதண்ணீர் காலையில் மட்டும்தான் வரும் என்று சொல்வது. அந்த வேலைக்கு யாரோடும் ஒட்ட வேண்டியதில்லை. வருகிறவர்கள் ஒரு நாள், இரண்டு நாள் தங்கிவிட்டு, ஏரியில் படகு விட்டுவிட்டு, மிளகும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போவார். கடைசி வரிசையில் தூணோரம் உட்கார்ந்து, முடிந்ததும் ஜனங்கள் முற்றத்தில் கூடிப் பேச ஆரம்பிக்கும் முன்பே கிளம்பிவிடுவார்.

சனிக்கிழமை சாயங்காலம் கவுன்ட்டரில் கூட்டம் ஓய்ந்த பிறகு, லாட்ஜ் கம்ப்யூட்டரில் ஒரு வலைப்பூ எழுதிவந்தார். பெயர் 'மலைமேல் ஞாயிறு'. மறுநாள் பூசையில் வாசிக்கப்போகிற நற்செய்தியை எடுத்துக்கொண்டு, அந்த வாரம் மலையில் கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றை அதன் பக்கத்தில் வைப்பார். காப்பித் தோட்டத்துக்குள் புகுந்த காட்டெருமை, பஸ் ஸ்டாண்டில் பை தொலைத்த பெண், அப்படி ஏதாவது. எழுதியவர் பெயர் எங்கேயும் இருக்காது. பல வருடங்களாக வாரத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் படித்தார்கள். அதில் அவரே திறந்து பார்த்ததும் சேர்த்தி.

ஒரு தவக்காலத்தில் அவர் சீமோனைப் பற்றி எழுதினார். வயலிலிருந்து வந்துகொண்டிருந்தபோது, இயேசுவின் சிலுவையைச் சுமக்கும்படி படைவீரர்கள் பிடித்து இழுத்த ஆள். அந்த வாரம்தான் கொண்டை ஊசி வளைவில் ஒரு வேன் கவிழ்ந்திருந்தது. மஞ்சக்குட்டைக்காரர் மாதையன் தோளில் ஒரு பலாப்பழத்தோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். போலீஸ்காரர் அவரை அதட்டிக் கூப்பிட்டு, பள்ளத்தில் கிடந்தவர்களை ரோட்டுக்குத் தூக்கிவரச் சொன்னார். பழத்தை ஓரமாக வைத்துவிட்டு மாதையன் தூக்கினார். திரும்பி வந்து பார்த்தால் பழத்தைக் காணோம். சட்டையில் பட்ட ரத்தமும் போகவில்லை. இதை மாதையன் டீக்கடையில் யாரிடமோ சொல்லிப் புலம்பியதைப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த தனிஸ்லாஸ் கேட்டார். ஒரு வார்த்தை பேசாமல் வந்து எழுதினார். "சீமோன் விரும்பிச் சுமக்கவில்லை. வழியில் போனவனைப் பிடித்து இழுத்தார்கள். அப்படிச் சுமந்ததும் சுமந்ததுதான்" என்று முடித்திருந்தார்.

அதை யாரோ வாட்ஸ்அப்பில் போட்டார்கள். தூத்துக்குடிக்குப் போனது, பாண்டிச்சேரிக்குப் போனது, துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போனது. அடுத்த வாரம் வலைப்பூவைத் திறந்து பார்த்த தனிஸ்லாஸ், கணக்குக் காட்டுகிற பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தார். நூற்றுக்கணக்கில் படித்திருந்தார்கள். அதற்கடுத்த வாரங்களில் அது ஆயிரத்தைத் தாண்டியது.

கீழே குறிப்புகளும் வர ஆரம்பித்தன. "அருமையான மறையுரை ஃபாதர்" என்று ஒருவர் எழுதினார். தனிஸ்லாஸ், "நான் ஃபாதர் இல்லைங்க" என்று டைப் செய்து, ஒருத்தருக்காக எதற்கு என்று அழித்துவிட்டார். பிறகு பத்துப் பேர் எழுதினார்கள், நூறு பேர் எழுதினார்கள். எங்களுக்காக ஜெபியுங்கள் ஃபாதர், என் மகனுக்கு வேலை கிடைக்க ஆசீர்வதியுங்கள் ஃபாதர். திருத்தாமல் விட்டது வாரத்துக்கு வாரம் பெருத்துக்கொண்டே போனது. உள்ளுக்குள் அது அவருக்கு இனித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரவு கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தப் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி உண்மையாகவே ஜெபித்தார். பதில் மட்டும் யாருக்கும் எழுதவில்லை.

ஒரு ஞாயிறு, பங்குச் சாமியார் ஃபாதர் ஜெயபிரகாஷ் பிரசங்கத்தின் நடுவே அங்கியின் மடிப்பிலிருந்து போனை எடுத்தார். இளவயதுக்காரர். ஏற்காட்டுக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது.

"வாட்ஸ்அப்புல ஒண்ணு வந்துச்சு. நம்ம மலையைப் பத்தித்தான். யாரோ ஒரு வயசான குருவானவர் எழுதியிருக்கார்னு நெனைக்கிறேன். கேளுங்க."

வாசித்தார். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டார். தூணோரம் உட்கார்ந்திருந்த தனிஸ்லாஸ் அந்த வரியை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டார். முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று பூசை முடிந்தும் தனிஸ்லாஸ் உடனே கிளம்பவில்லை. மாதா சொரூபம் வைத்த கெபிக்குப் பக்கத்தில் சும்மா நின்றார். சுற்றிலும் அதே பேச்சாக இருந்தது. "யாருங்க அந்தச் சாமியாரு? நம்ம பக்கந்தானாமே?" "சேலத்துல ரிட்டையர் ஆன சாமியாரா இருக்கும்." மறைக்கல்வி டீச்சர் ஹேமலதா அவரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏனுங்க, நீங்க இதப் படிச்சீங்களா? நம்பர் சொல்லுங்க, அனுப்பறேன். நொம்ப நல்லாருக்கும்."

தனிஸ்லாஸ் நம்பரைச் சொன்னார். லாட்ஜுக்கு நடந்து போய்ச் சேருவதற்குள் போன் சிணுங்கியது. அவருடைய எழுத்தே அவருக்கு வந்திருந்தது, கும்பிடுகிற கை இரண்டோடு. "நன்றி" என்று பதில் போட்டார்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் மஸ்கட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவள் பெயர் ஜெசிந்தா. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய அம்மா புஷ்பம் தலைச்சோலைப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் தனியாக இருக்கிறாள், உடம்புக்கு ரொம்ப முடியவில்லை. ஜெசிந்தா யுவராஜ் என்கிற இந்துப் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டபோது, அன்றைக்கு இருந்த பங்குச் சாமியார் கோயில் வாசலில் வைத்து அம்மாவைத் திட்டிவிட்டாராம். அதிலிருந்து அம்மா கோயில் பக்கமே போகவில்லை. "ஞாயித்துக்கிழமை ஆனா நீங்க எழுதினதைப் போன்ல அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவேன் ஃபாதர். செஞ்ச பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணா இந்தச் சாமியார்கிட்டத்தான் பண்ணுவேன்னு பிடிவாதமா இருக்காங்க. நீங்க ஏற்காட்டுலதான் இருக்கீங்கன்னு எழுத்துல தெரியுது. ஒரு தடவை போய்ப் பார்ப்பீங்களா?"

'நான் குரு இல்லை' என்று பதில் எழுத ஆரம்பித்தார் தனிஸ்லாஸ். ஒரு வாரமாக எழுதி எழுதி அழித்தார். போனில் அந்தக் கிழவி அந்த வார்த்தையை எப்படிக் கேட்பாள் என்று நினைத்தபோதெல்லாம் கை நின்றுவிட்டது. கடைசியில், "வருகிறேன்" என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பிவிட்டார். நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

லீவு போட்டுவிட்டு ஷேர் ஜீப்பில் போனார். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில், சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். எஸ்டேட் கேட்டில் இறங்கி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு ஊடே நடந்தார். லைன் வீடுகளின் முன்னால் ஒரு பெண் காத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு ஆராயி. புஷ்பத்துக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான்.

"சாமியாருங்களா? வாங்க, வாங்க. தெனமும் காலையில இருந்து வழியப் பாத்துட்டே இருக்காங்க."

உள்ளே ஒரே அறை. தைல வாசனை. சுவரில் மாதா படம். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒரு சொம்பில் சாய்த்துவைத்த போன். புஷ்பம் வெள்ளைச் சேலை கட்டி, தலை சீவி, தலையணையில் சாய்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். ஆராயி கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.

"வாங்க சாமி. உக்காருங்க சாமி."

அவர் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் அவள் சிலுவை போட்டுவிட்டாள். சிறு வயதில் மனப்பாடம் செய்தது அப்படியே வந்தது. "சுவாமி, பாவியாயிருக்கிற என்னை ஆசீர்வதித்தருளும். கோயில் வாசப்படி மிதிச்சு நொம்ப வருசமாச்சுங்க சாமி. எம் புள்ள கண்ணாலத்தப்ப..."

"அம்மா, நிறுத்துங்க." தனிஸ்லாஸின் குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது. "நான் சாமியார் இல்லீங்க."

அவளுக்குப் புரியவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"எழுதறது நான்தானுங்க. ஆனா குருப்பட்டம் வாங்கலை. ஏரிகிட்ட லாட்ஜுல வேலை பாக்கறேன்."

"அப்ப எதுக்கு வந்தே?"

"அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"அதப் போன்லயே சொல்லியிருக்கலாமில்ல."

புஷ்பம் முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, மெதுவாகப் புரண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவர் வெளியே வந்தார். ஆராயி வரக்காப்பி கொடுத்தாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது.

"ஏனுங்க, நெசமாலுமே நீங்க சாமியாரு இல்லீங்களா?"

"இல்லீங்க."

"நானுந்தான் ஊட்டக் கூட்டித் தொடச்சு வெச்சேன்" என்றாள் ஆராயி. திட்டவில்லை. அவ்வளவுதான் சொன்னாள். புஷ்பம் சுவர்ப் பக்கம் திரும்பியதைவிட அது அவரைக் கூடுதலாகச் சுட்டது.

அப்படியே ஜீப் ஏறிப் போய்விடலாம். போய்விட்டிருப்பார். ஆனால் அவள் பாதியில் நிறுத்திய பேச்சு அந்த அறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. அதை முடிக்கவிடாமல் செய்தது அவர்தான். பங்குச் சாமியாரின் நம்பர் அவரிடம் இல்லை. ஹேமலதா டீச்சர் அனுப்பிய வாட்ஸ்அப் இருந்தது. அந்த நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்டு வாங்கினார். போனில், ஒரு அம்மா சாகக் கிடக்கிறார் என்று மட்டும்தான் ஃபாதரிடம் சொன்னார்.

ஃபாதர் ஜெயபிரகாஷ் கார் எடுத்துக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார். எஸ்டேட் கேட்டிலேயே அவரை நிறுத்தி, தனிஸ்லாஸ் எல்லாவற்றையும் சொன்னார். குருமடத்திலிருந்து ஆரம்பித்து, ஜெசிந்தாவுக்கு எழுதிய ஒற்றை வார்த்தை வரைக்கும். இவ்வளவு நேரம் தொடர்ச்சியாக ஒரு மனிதரிடம் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"நீங்களா?" என்றார் ஃபாதர். "கடைசி வரிசையில தூணுக்குப் பக்கத்துல உக்காருவீங்களே, நீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"யாரும் கேக்கலீங்க ஃபாதர்."

ஃபாதர் காரைப் பூட்டினார். பிறகு, "சரி, மொதல்ல அந்த அம்மாவப் பாக்கலாம்" என்று நடந்தார்.

உள்ளே போன ஃபாதரிடம் புஷ்பம், "நீங்களும் திட்டறதுக்கா வந்தீங்க?" என்று கேட்டது வெளியே கேட்டது. "இல்லீங்கம்மா, திட்டினதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றார் ஃபாதர். கதவு மூடியது.

தனிஸ்லாஸ் காப்பிச் செடிகளின் ஓரம் நின்றார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. லைனின் கடைசி வீடு முதலில் மறைந்தது, அப்புறம் அதற்கு முந்தினது. மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பது என்னவென்று அவருக்குச் சொல் சொல்லாகத் தெரியும். அதற்குத்தான் அத்தனை வருடம் படித்தார். ஆயிரக்கணக்கான பேர் படிக்கிற எழுத்தால் கொடுக்க முடியாத பாவமன்னிப்பை, வந்து ஒரு வருடம் ஆகாத அந்த இளவயதுக்காரர் உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தார். பொறாமை இல்லை. ஆனால் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஃபாதர் வெளியே வந்து, "உங்களக் கூப்பிடறாங்க" என்றார்.

புஷ்பத்தின் நெற்றியில் ஃபாதர் பூசிய எண்ணெய் மினுங்கியது. அழுதிருந்தாள்.

"இங்க வா சாமி" என்றாள். 'வாங்க' போய்விட்டது, 'சாமி' மட்டும் மிஞ்சியிருந்தது. இந்தப் பக்கத்தில் பெற்ற பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எம் புள்ள போன்ல படிக்கறது பாதி காதுல உழறதில்ல. நீயே வந்து படிச்சுக் காட்டு."

அந்த வாரம் தனிஸ்லாஸ் வலைப்பூவில் தன் பெயரைப் போட்டு எழுதினார். தான் குரு அல்ல, குருமடத்திலிருந்து அனுப்பப்பட்டவன், உங்களைத் திருத்தாமல் இருந்தது தப்பு. நாலே வரி. ஏமாற்றுக்காரன் என்று சிலர் எழுதினார்கள். சிலர் சொல்லாமலே போய்விட்டார்கள். எண்ணிக்கை சரிந்தது. பிறகு நின்றது. பிறகு, என்ன காரணமோ, முன்பைவிட அதிகமாக ஏறியது.

பங்கிலும் தெரிந்துபோயிற்று. பூசை முடிந்து வரும்போது ஆண்கள் எழுந்து வழிவிட்டார்கள். பெண்கள் கும்பிட்டார்கள். ஹேமலதா டீச்சர் நிஜமாகவே வெட்கப்பட்டார். ஆனால் தூணோரத்து வரிசையில் முன்பாவது யாராவது தெரியாமல் வந்து பக்கத்தில் உட்காருவார்கள். இப்போது மரியாதைக்காக இடம் விட்டு உட்கார்ந்தார்கள். "வாங்க, எங்க ஊட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்று யாரும் கூப்பிடவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜீப் ஏறித் தலைச்சோலைக்குப் போவது பழக்கமாகிவிட்டது. புஷ்பம் சும்மா கேட்கிறவள் இல்லை. நடுநடுவே நிறுத்துவாள்.

"அந்த மாதையன் பலாப்பழம் கடைசியில கெடச்சுதா?"

"தெரியலீங்கம்மா."

"தெரியாமயா எழுதினே? போய்க் கேட்டுட்டு வா."

அடுத்த வாரம் டீக்கடையில் தனிஸ்லாஸ் போய் மாதையன் எதிரில் உட்கார்ந்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பதென்று தெரியாமல், "அண்ணே, உங்க பலாப்பழம்..." என்றார். மாதையன் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "அந்தப் போலீஸ்காரரே எடுத்துட்டுப் போயிட்டாருங்க! மறுநாளு, பழம் நல்லா இனிச்சுதுன்னு என்கிட்டயே வந்து சொல்றாரு!" இதைக் கேட்டு புஷ்பம் இருமல் வரும்வரை சிரித்தாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆராயியும் சிரித்தாள்.

ஐப்பசி மழையில் புஷ்பம் போய்விட்டாள். ஜெசிந்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்கம் முழுவதும் தனிஸ்லாஸ் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையின் மூலையில் நர்ஸ் உடையோடு அவள் முகம். ஃபாதர் ஜெயபிரகாஷ், ஆராயி, லைன் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் பேர், அவ்வளவுதான். கை வலித்தும் அவர் போனை இறக்கவில்லை. "அண்ணா, அம்மா முகத்த இன்னொரு தடவ காட்டுங்க" என்றாள் ஜெசிந்தா. அவர் குனிந்து காட்டும்போது சிக்னல் போய்விட்டது. அவர் காட்டிக்கொண்டே நின்றார்.

அடுத்த ஞாயிறு ஜீப் ஸ்டாண்ட் வரை நடந்துவிட்டார். "தலைச்சோலைங்களா? ஏறுங்க" என்று டிரைவர் கதவைத் திறந்தபோதுதான் உறைத்தது. "இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அன்று வலைப்பூவை எப்போதும் இல்லாத அளவுக்கு ஜனங்கள் படித்திருந்தார்கள். புத்தகமாகப் போடலாமா என்று யாரோ கேட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சாவிகள் தொங்கும் பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெசிந்தா போன் செய்தாள். ஆராயி அக்கா எப்படி இருக்கிறார், கல்லறைக்குச் சிலுவை வைத்தாயிற்றா என்றெல்லாம் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஆனா கை தானாப் போன எடுக்குதுண்ணா. நீங்க எழுதினது வந்திருக்கு. யாருக்கு வாசிக்கறதுன்னு தெரியல."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். ஏரிப்பக்கமிருந்து பனி கவுன்ட்டர் வரை வந்திருந்தது.

"எனக்கு வாசிங்க" என்றார் தனிஸ்லாஸ்.

"நீங்க எழுதினத உங்களுக்கேவா?"

"ஆமாங்க."

அவள் லேசாகச் சிரித்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். வேலை முடிந்து வந்த களைப்பு குரலில் இருந்தது. சில இடத்தில் தடுக்கி, திரும்ப முதலிலிருந்து வந்தாள். அவர் சாதாரணமாக எழுதிய ஒரு வரியில் அவள் நிறுத்தி மூச்சு விட்டாள். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. குடும்பம் ஒன்று நனைந்த பைகளோடு உள்ளே வந்து, ரூம் இருக்கிறதா என்று கேட்டது. தனிஸ்லாஸ் கையை உயர்த்தி, கொஞ்சம் இருங்கள் என்று சைகை காட்டினார்.

"கேக்கறீங்களா?" என்றாள் ஜெசிந்தா.

"கேக்கறேனுங்க."

அவள் மேலே வாசித்தாள்.